சாரலைக் காயவைத்த மெஷின்

கொரோனா முடிந்து குற்றாலத்தில் மறுபடியும் குளிக்க விட்டார்களே, அந்தச் சந்தோசத்தில் நானும் ஐந்தருவிக்குப் போனேன். ரொம்ப நாள் ஏக்கம். தலையைக் கொடுத்ததும் சுகத்தில் வாயை ஆவென்று திறந்துவிட்டேன். மேல்பல் செட்டு போயே போய்விட்டது. பக்கத்தில் குளித்த மதுரைக்காரர் ஒருவர் குனிந்து தேடினார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் தேடினார்கள். போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே வந்து, என்னத்தைத் தேடுகிறோம் என்று விசாரித்துவிட்டு, அவரும் கொஞ்ச நேரம் தேடினார். கிடைக்கவில்லை. அது நடந்ததற்கு அடுத்த சீசனில்தான் என் மருமகள் மார்க்கெட்டிங் வேலையில் சேர்ந்தாள். அவளோடு நான் ஊர் ஊராகச் சுற்றினேன். புதுப் பல் செட்டு ஈறில் உட்காராமல் படுத்திய பாட்டில் அந்த வருசம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எனக்கு எழுத வராது. சொல்லத்தான் வரும். சொல்வதும் மெதுவாகத்தான் வரும்.

என் தொழில் விறகு. மேலகரத்தில் சொந்த லாரி வைத்து லோடு அடித்தேன். தென்காசி ஓட்டல்கள், குற்றாலத்து லாட்ஜுகள், ஆய்க்குடிப் பக்கத்துச் செங்கல் சூளைகள், செங்கோட்டையில் புரோட்டாக் கடைகள், எல்லாவற்றுக்கும் என் விறகு போகும். புளிய விறகு நின்று எரியும். கருவேல் சட்டென்று பிடிக்கும், சட்டென்று அடங்கும். இலவ மரத்தை அடுப்பில் வைத்தால் புகைதான் மிச்சம். பிறகு கேரளாவில் இருந்து செங்கோட்டை வழியாக ரப்பர் விறகு வர ஆரம்பித்தது. அது வேறு மாதிரி எரியும், பால் வடிந்து ஒரு வாசம் வரும். அதைப் பிடிக்காத கடைக்காரர்கள் இருந்தார்கள். சரி, அது இப்போது வேண்டாம். மகன் பட்டாளத்தில் சேர்ந்து நிலையான பிறகு, எனக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, லாரியை விற்றேன்.

மருமகள் வேறு யாரும் இல்லை, என் கடைசித் தங்கச்சி மகள். பிறந்ததில் இருந்து மாமா என்று கூப்பிட்டவள் கல்யாணம் ஆகியும் அதே மாமா என்றே கூப்பிட்டாள், மாற்ற வேண்டிய வேலை மிச்சம். திருநெல்வேலியில் இஞ்சினீயரிங் படித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் வேலை பார்த்தாள், பிடிக்கவில்லை, வந்துவிட்டாள். என் மகன் இருப்பதோ வடக்கே எல்லையில். அங்கே குடும்பத்தோடு இருக்க வீடு கொடுக்க மாட்டார்கள். ஆகையால் வீட்டில் நானும் அவளும்தான். ஒருநாள் வேலை கிடைத்துவிட்டது என்று லட்டு வாங்கி வந்தாள்.

"என்ன வேலைட்டி?"

"மார்க்கெட்டிங் மாமா. புனாவுல இருக்கிற கம்பெனி. நான் இங்கன இருந்தே பாக்கலாம்."

"என்னத்த விக்கணும்?"

"விறகு எரிக்காம துணி, தேங்கா, மரம் எல்லாத்தையும் காயவைக்கிற மெஷின்."

நான் கடிக்கப் போன லட்டை இறக்கினேன்.

"அப்ப எந்தொழில ஒழிக்கதுக்குன்னே வந்திருக்க."

"நீங்கதான் லாரிய வித்துட்டியளே மாமா. இனிமே ஒழிக்க என்ன இருக்கு?"

அதுவும் சரிதான் என்று லட்டைத் தின்றேன்.

மெஷின் எப்படி வேலை செய்யும் என்று எனக்கு அவள் சமையலறையில் வைத்துச் சொன்னாள். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கையை வைக்கச் சொன்னாள். சுட்டது. உள்ளே குளிர்கிறது, பின்னால் சுடுகிறது, இரண்டும் ஒரே பெட்டிதானே என்றாள். அந்த மாதிரிதான் இதுவும். அறைக்குள் இருக்கிற காற்றை இழுத்துக் குளிர வைக்கும். குளிர்ந்தால் காற்றில் இருக்கிற ஈரம் தண்ணீராகச் சொட்டிவிடும். ஈரம் போன காற்றைச் சுட வைத்து மறுபடியும் துணி மேல் விடும். அடுப்பு இல்லை, புகை இல்லை. கரண்டு மட்டும் வேண்டும், அதிலும் பாதியைக் கூரை மேல் சோலார் தகடு போட்டு எடுத்துக்கொள்ளலாம். கார்பனைக் குறைப்பது என்று இதற்குப் பெயராம். புகையைக் குறைப்பது என்று நான் வைத்துக்கொண்டேன். என் நெஞ்சில் இருக்கிற சளியைக் கேட்டால் அது சரி என்றுதான் சொல்லும்.

ஆனால் கம்பெனிக்காரர்கள் ஒரு கெடு வைத்திருந்தார்கள். ஆடி கழிவதற்குள் தென்மாவட்டத்தில் ஒரு மெஷினாவது விற்க வேண்டும். விற்காவிட்டால் இந்தப் பக்கம் கடையைக் கட்டிவிட்டு அவளைப் புனாவுக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். போக மாட்டேன் என்றால் வேலையை விட வேண்டும். ஊரையும் விட மாட்டேன், வேலையையும் விட மாட்டேன் என்று என்னிடம் ஒரே ஒரு தரம் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாததால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

யாரிடம் போய் விற்பது என்று கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், இந்த வட்டாரத்தில் எங்கே எங்கே புகை கிளம்புகிறதோ அங்கே எல்லாம் நான் லோடு இறக்கியிருக்கிறேன், வா காட்டுகிறேன் என்று. அவளிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. அவள் ஓட்ட, நான் முன்சீட்டில். இப்படி எழுபது தாண்டி எனக்கும் மார்க்கெட்டிங் வேலை கிடைத்தது.

முதலில் ஒரு புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனேன். அது என் தப்பு இல்லை, மத்தியான நேரம், பசி. கடைக்காரர் இலையைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, புரோட்டாவைக் காயவைத்து என்ன செய்ய என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. ஆய்க்குடிப் பக்கம் சூளைக்காரர் கல்லில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். இத்தனை வருசமா விறகு வித்துட்டு, இப்ப விறகு வேண்டாம்னு சொல்ல வந்திருக்கீரு, நாளைக்குக் கல்லே வேண்டாம்னு வருவீரு என்று என்னைக் கேலி செய்தார். செங்கோட்டை மர அறுவை மில்லில் முதலாளி பாதி மலையாளமாகப் பேசுவார். மெஷின் படத்தை லாப்டாப்பில் முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பார்த்தார். ரசித்துத்தான் பார்த்தார். கடைசியில் "நோக்காம்" என்றார். நோக்காம் என்றால் பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்கலாம் என்றால் இரண்டு மொழியிலும் ஒரே அர்த்தம்தான் என்று காரில் ஏறும்போது மருமகள் சொன்னாள்.

ஆனி பிறந்து சாரல் பிடித்துவிட்டது. சீசன் நன்றாக இருந்தது. ரோட்டில் கார் நகரவில்லை, மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, எல்லா ஊர் வண்டியும் நின்றது. வீட்டில் என் வேட்டி கொடியில் காயாமல் தொங்கியது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு லாண்டரி நினைவு வந்தது.

மேலகரத்தில் இருந்து குற்றாலம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு லாண்டரி இருக்கிறது. லாட்ஜுகளின் பெட்சீட், தலையணை உறை, துண்டு எல்லாம் அங்கே வரும். குற்றாலத்துத் துண்டு என்றால் சும்மா இல்லை. எண்ணெய்க் குளியல் போட்டவர்கள் துடைத்த துண்டு. சோடா போட்டு வேகவைத்தால்தான் போகும். சீசன் இல்லாத நாளில் மொட்டை மாடியில் காயப்போட்டுவிடுவார்கள். சீசனில் சாரல் விடாது. அப்போது பெரிய ஹாலில் கொடி கட்டி, தகரக் குழாய் வழியாக அடுப்புச் சூட்டை விட்டுக் காயவைப்பார்கள். அந்த அடுப்புக்கு விறகு போட்டவன் நான். துணி காயும், ஆனால் புகை வாசம் ஏறிவிடும். படுக்கையில் அடுப்பு வாசம் வருகிறது என்று லாட்ஜில் வந்து தங்குகிறவர்கள் புகார் சொல்லாத வருசம் கிடையாது.

லாண்டரி ஒரு அம்மாளுடையது. வீட்டுக்காரர் சர்க்கார் வேலையில் இருந்து ரிடையர் ஆகி வீட்டில் பேப்பர் படிப்பார். தொழில் முழுக்க இந்த அம்மாள்தான். என்னை விடப் பத்து வயசு குறைவு, குரல் மட்டும் என்னை விடப் பெரிது. எங்களைப் பார்த்ததும், அண்ணாச்சி லாரி இல்லாம வந்திருக்கீய, கல்யாணப் பத்திரிகையா என்றார். மருமகள் லாப்டாப்பைத் திறக்கவே இல்லை. அதுவரை பட்ட பாட்டில் கற்றுக்கொண்டிருந்தாள். ஹாலுக்குள் போய் ஒரு பெட்சீட்டை முகர்ந்து பார்த்தாள். புகை எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டாள். அந்த அம்மாள் புகையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, லாட்ஜ் மேனேஜர்களைப் பற்றிச் சொல்லி, சம்பந்தி வீட்டைப் பற்றியும் சொல்லி முடித்தார். கடைசியில், சரி, மெஷினைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டு, காய்ந்தால் வாங்குகிறேன் என்றார். மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆடி பாதி வந்துவிட்டது அப்போது.

கோயம்புத்தூரில் இருந்து மெக்கானிக் ஒருவர் மெஷினோடு வந்தார். ஹாலில் ஒரு ஓரமாக வைத்தார். சின்ன பீரோ மாதிரி இருந்தது. பின்னால் ஒரு குழாய், அதன் வாயில் ஒரு வாளி. ஹாலுக்கு மேற்கே மலையைப் பார்த்து வரிசையாக ஜன்னல். எல்லாவற்றையும் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு, மெஷின் ஓடும்போது திறக்கக் கூடாது என்று சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் வேறு வேலையாகக் கொல்லம் போனார். நாலாம் நாள் திரும்பி வந்து, மெஷினை ஏற்றிக்கொண்டு கொல்லத்தில் ஒரு முந்திரி ஆலைக்குப் போக வேண்டும். அதற்குள் இங்கே காயவைத்துக் காட்டிவிட வேண்டும்.

லாண்டரியில் காயப்போடுகிற வேலை ஐந்தாறு பொம்பிளைகளுக்கு. அவர்களுக்கு என் மருமகளை ரொம்பப் பிடித்துவிட்டது. கூடச் சேர்ந்து துணி பிழிந்தாள், கூட உட்கார்ந்து சோறு தின்றாள், முதலாளியம்மாவை அத்தை என்று கூப்பிட்டாள். புனா விசயத்தை நான்தான் அவர்களிடம் சொன்னேன். புனா எங்கன இருக்கு என்று கேட்டார்கள். பாம்பே பக்கம் என்றேன். அடப்பாவமே என்றார்கள்.

முதல் நாள் மெஷின் ஓடியது. வாளியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும் எல்லாரும் கூடிவிட்டார்கள். துணியில் இருந்த தண்ணீர் கண்ணுக்கு முன்னால் வாளியில் விழுகிறது. வாளி நிறைந்தது. ஊற்றிவிட்டு வைத்தார்கள், மறுபடி நிறைந்தது. அருவி மாதிரி வருது என்று ஒருத்தி சொன்னாள். சாயங்காலம் பெட்சீட்டைத் தொட்டுப் பார்த்தோம். சவசவ என்று இருந்தது. முதல் நாள்தானே என்றார் முதலாளியம்மா. இரண்டாம் நாள் இன்னும் அதிகமாகத் தண்ணீர் வந்தது. துணி இன்னும் ஈரமாக இருந்தது.

"ஏட்டி, தண்ணி எறைக்கதுக்கு எங்கிட்ட மோட்டார் இருக்கு. எனக்குத் துணிதான் காயணும்."

இதைச் சொல்லும்போது முதலாளியம்மாவுக்கும் வருத்தம்தான். மருமகள் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். போனில் மெக்கானிக்கிடம் பேசினாள். எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது என்று அவர் சொன்னார். திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். சாரல் வெளியேதான் இருந்தது, அவள் உள்பக்கமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது புனாவில் இருந்து மேனேஜர் கூப்பிட்டார். யெஸ் சார், யெஸ் சார் என்றாள். ரோட்டோரம் ஒரு வண்டியில் ரம்புட்டான் பழம் விற்றது, வாங்கிக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் போனதும் பொம்பிளைகள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் வாளியைக் காட்டினார்கள். பார்த்தியா, இன்னைக்கு எம்புட்டுத் தண்ணி என்று அவளுக்குத் தைரியம் சொல்லுகிறார்களாம். மருமகள் வாளியைப் பார்த்தாள். கொடியில் தொங்கிய துணியைப் பார்த்தாள். மறுபடி வாளியைப் பார்த்தாள். மேசை மேல் ஒரு காய்ந்த பெட்சீட் கிடந்தது. அதை நனைத்துப் பிழிந்து, வடிந்த தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்துப் பார்த்தாள், சொம்பு நிறையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, இம்புட்டுத் துணியில வாளி வாளியாத் தண்ணி இருக்காது. இது பெட்சீட்டுத் தண்ணி இல்ல. குத்தாலத்துத் தண்ணி."

எனக்குப் புரியவில்லை. அவள் கொடிகளுக்கு இடையில் குனிந்து உள்ளே போனாள். தொங்குகிற துணிகளுக்குப் பின்னால் மேற்கு ஜன்னல் ஒன்று பளிச்சென்று திறந்து கிடந்தது. அடுத்த கொடிக்குப் பின்னால் இன்னொன்று. மூலையில் மூன்றாவது. மலையில் இருந்து காற்று சாரலை அள்ளிக்கொண்டு ஜம்மென்று உள்ளே வருகிறது. மெஷின் பாவம், இரண்டு நாளாகக் குற்றாலத்துச் சாரலைக் காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

யார் திறந்தது என்று அவள் கேட்கவில்லை. ஆனால் பொம்பிளைகள் தலையைக் குனிந்துகொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். ஒருத்தி சொன்னாள், துணி காயலையே, புள்ள புனாவுக்குப் போயிருமேன்னு லேசா ஒண்ணைத் திறந்தேன், காத்து வந்தா காஞ்சிரும்னு. இன்னொருத்தியும் அதே எண்ணத்தில் தனியாக ஒன்றைத் திறந்திருக்கிறாள். ஒருத்திக்கு ஒருத்தி தெரியாது. மூன்றாவது ஜன்னலுக்கு யாரும் பேசவில்லை. எல்லாரும் முதலாளியம்மாவைப் பார்த்தார்கள்.

"என்னட்டி பாக்கிய? நாந்தான் தொறந்தேன். பூட்டி வச்ச ரூமுல துணி வேர்க்காதா?"

இதை வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சீசன் நேரத்தில் எங்கள் பக்கம் யாரும் அறையைச் சாத்தி வைக்க மாட்டோம். சாத்தினால் சுவர் வேர்க்கும், துணியில் பூஞ்சை பிடிக்கும், பீரோவுக்குள் பட்டுப் புடவை புள்ளி புள்ளியாகிவிடும். சாரலோடு வந்தாலும் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துதான் வைப்போம். பிறந்ததில் இருந்து அப்படிப் பழகிய கை. எனக்கும் இரண்டு நாளாக ஒரு ஜன்னலைத் திறக்கத் தோன்றியது. கொடி குறுக்கே இருந்ததால் நான் போகவில்லை, அவ்வளவுதான்.

மருமகள் ஜன்னல் திண்டில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். பொம்பிளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் மெக்கானிக் வந்துவிடுவார். மிச்சம் இருப்பது அந்த ஒரு பகல்தான்.

ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, இன்றைக்கு ஓட்டிப் பார்ப்போம் என்று மருமகள் சொன்னாள். முதலாளியம்மா முடியாது என்றார். லாட்ஜ்காரன் துணி, சாத்தி வைத்துப் பூஞ்சை பிடித்தால் நாளைக்கு எவன் துணி தருவான் என்று கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. இரண்டு நாள் துணியே தேங்கிப்போய், மறுபடியும் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருமகள் வாதாடவில்லை. கார்ச் சாவியை எடுத்தாள். என்னிடம்கூட ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள். அரைமணி நேரத்தில் திரும்பினாள், பின்சீட்டு முழுக்கத் துணி. எங்கள் வீட்டுப் போர்வை, ஜமுக்காளம், ஜன்னல் திரை, அவளுடைய சேலைகள், என் மகன் பட்டாளத்தில் இருந்து கொண்டுவந்த முரட்டுக் கம்பளி. என் வேட்டி அத்தனையும் இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த ஒன்று மட்டும்தான் எனக்கு மிச்சம்.

"அத்த, இது எல்லாம் எங்க வீட்டுத் துணி. பூஞ்சை பிடிச்சா எங்களுக்குத்தான் நட்டம். நனைச்சுப் போடுவோம்."

அந்தக் கம்பளியை முதலாளியம்மா தூக்கிப் பார்த்தார். கோடையிலேயே இது காய்வதற்கு நாளாகும் என்று எல்லாருக்கும் தெரியும். கம்பளி காய்ந்தால் நம்புகிறேன் என்றார். பொம்பிளைகள் பாய்ந்து வந்து எல்லாவற்றையும் நனைத்தார்கள். என் வேட்டியைக்கூட விடவில்லை. கொடியில் போட்டு, ஜன்னலைக் கொக்கி மாட்டி, கொக்கியைக் கயிற்றால் கட்டி, மெஷினை ஓடவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம்.

கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு முதலாளியம்மா உட்கார்ந்தார். யாரும் திறந்துவிடாமல் காவல் என்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவர் கைதான் தாழ்ப்பாளுக்குப் போனது. சும்மா தொட்டுப் பார்த்தேன் என்றார். மறுபடியும் போனது. மருமகள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் ஒரு ஸ்டூலை இழுத்து அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

பேச்சுக்கு எனக்குப் பஞ்சமில்லை. முதல் முதலாக அந்த லாண்டரிக்கு நான் லோடு இறக்கிய கதையில் ஆரம்பித்தேன். அதில் ஒரு கட்டைக்குள் இருந்து சாரைப்பாம்பு வந்ததும், அவருடைய வீட்டுக்காரர் ஜீப் மேல் ஏறிக்கொண்டதும் உண்டு. அவர் சிரித்தார். பிறகு புளிய மரம் எங்கே எங்கே வெட்டினார்கள் என்று சொன்னேன். ரப்பர் விறகு வாசத்தைச் சொன்னேன். கையை எடுத்துத் தாழ்ப்பாளுக்குக் கொண்டுபோவார், நான் அடுத்த கதையைத் தொடங்குவேன், நடுவில் எழுந்தால் மரியாதை இல்லை என்று கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொள்வார். என் பல் செட்டு கழன்று கழன்று விழப் பார்த்தது, நாக்கால் தள்ளிக்கொண்டே பேசினேன். டீ வந்தது, குடித்தோம். பொம்பிளைகள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். மருமகள் மட்டும் பின்பக்கம் நின்று வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒழுகிய தண்ணீர் மத்தியானத்துக்கு மேல் சொட்டாகி, பிறகு சொட்டும் நின்று நின்று விழுந்தது. அதைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துவிட்டது, மெஷின் கெட்டுவிட்டதோ என்று. அவள் முகத்தில் முதல் தடவையாக நிம்மதி தெரிந்தது. அதனால் நான் பாம்புக் கதையை மறுபடியும் சொன்னேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில், வெயில் எங்கே இருந்தது, சாரல்தான், அந்த நேரத்தில் மருமகள் வந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். உள்ளே அடுப்பங்கரை மாதிரி ஒரு கதகதப்பு. புகை மட்டும் இல்லை. முதலாளியம்மா நேராகக் கம்பளியிடம் போனார். இரண்டு கையாலும் அமுக்கினார். மடிப்புக்குள் விரலை விட்டார். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை.

"அத்த," என்றாள் மருமகள்.

"சும்மா இருட்டி. வாசத்தப் பாக்கேன்." இன்னொரு தரம் முகர்ந்துவிட்டுச் சொன்னார், "ஒரு வாசமும் இல்ல. நம்ம லாண்டரித் துணி மாதிரியே இல்லையே."

அவர் குறையாகச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். பொம்பிளைகளில் ஒருத்தி என் வேட்டியை எடுத்து உதறினாள். படபடவென்று சத்தம் வந்தது. காய்ந்த வேட்டிக்குத்தான் அந்தச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முதலாளியம்மா கம்பளியை மடித்து மருமகள் கையில் கொடுத்தார். தனக்கு இரண்டு விசயம் வேண்டும் என்றார். காயப்போடுகிற பொம்பிளைகளில் ஒருத்தியைக்கூட நிறுத்த மாட்டேன், மெஷின் வந்துவிட்டது, ஆளைக் குறை என்று எவனும் வந்து சொல்லக் கூடாது. அடுத்தது, எல்லா ஜன்னலுக்கும் பூட்டு போட வேண்டும்.

"சாவி யார்ட்ட இருக்கணும் அத்த?"

"உங்கிட்டதான். எங்கிட்ட குடுத்தா நான் தொறந்துருவேன்."

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு அந்த மெஷினை அங்கேயே விட்டுவிட்டு, முந்திரி ஆலைக்கு வேறு மெஷின் வரும் என்று சொல்லிப் போனார். புனாவில் இருந்து மேனேஜர் கூப்பிட்டபோது இந்தத் தடவையும் யெஸ் சார், யெஸ் சார் என்றுதான் சொன்னாள். அதே வார்த்தை, ஆனால் சமையலறைக்குள் நின்ற எனக்குக்கூட வித்தியாசம் கேட்டது. இந்தப் பக்கத்து வேலையை மூட வேண்டாம், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்களாம். அன்றைக்கு ராச்சாப்பாட்டுக்கு அவியல் வைத்தாள். அளவுக்கு அதிகமாகவே வைத்தாள், லாண்டரிக்கு ஒரு தூக்கு போனது.

இப்போது அவளுக்கு வேலை முழுக்க ஈர ஊர்களில். வால்பாறை, கோத்தகிரி, மூணாறு என்று போய்வருகிறாள். செங்கோட்டை மில்காரரும் நோக்கிவிட்டார், வாங்கிவிட்டார். தூரமில்லாத ஊர் என்றால் என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொள்கிறாள். கம்பெனிக்காரர்கள் அவளுக்குக் கொடுத்த கார்டில் ஒன்றை வாங்கி என் பையில் வைத்திருக்கிறேன், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லி நாலு பேரைக் கேட்டுவிட்டேன், கேட்கச் சலிக்கவில்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மழை ஓயாத ஊரில் உங்களுக்கு யாராவது லாண்டரிக்காரர், கொப்பரை காயவைக்கிறவர், மரம் அறுக்கிறவர் தெரிந்தவர்களாக இருந்தால், அடுப்பில்லாமல் காயவைக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது என்று அவர்கள் காதில் போட்டுவையுங்கள். அதோடு ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். மெஷினைச் சொல்ல மறந்தாலும் பரவாயில்லை, என் மருமகள் வந்து சொல்லிக்கொள்வாள். ஜன்னலை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.